இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி

1

போன வாரம் கம்பாலாவில் குடியேற்ற அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போகிற வேலைதான். எனக்குத் தொழில் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். என்னை நம்பி இருப்பவர்கள் என்று வீட்டுக்காரிக்கும் மகளுக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். உகாண்டாவில் போர் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிற தொழிலில் எனக்கு இருபத்தாறு வருடம். எந்த ஜன்னலில் எந்தக் காகிதத்தை நீட்ட வேண்டும் என்பது அங்கே சம்பளம் வாங்குகிறவர்களை விட எனக்கு நன்றாகத் தெரியும். திருச்செங்கோட்டிலிருந்து புதிதாக வருகிற நம் ஆட்கள் என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் முன்னால் நடப்பான், பொறியியல் படித்தவர்கள் ஃபைலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஜன்னலில் இருந்தது ஒரு சின்னப் பெண். என்னை "செபோ" என்றாள். அந்த ஊர் மொழியில் ஐயா என்று அர்த்தம். படிவத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் மகளுக்கு இருபது வயது ஆகிவிட்டதே, படிக்கிறாளா என்று கேட்டாள். படிக்கிறாள் என்றால் கல்லூரிக் கடிதம் வேண்டும். எந்தக் கல்லூரி?

நான் பேசாமல் நின்றேன். இங்கிலீஷ் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடியும் கேட்டாள். எனக்குப் புரியாமல் இல்லை. பதில்தான் தெரியவில்லை. கடிதம் இல்லையென்றால் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, ஓர் அளவுகோலையும் பேனாவையும் நீட்டினாள். நீங்களே அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். என் மகள் பெயர் மேல் அளவுகோலை வைத்துக் கோடு போட்டேன். நேரான கோடு. வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைத் திருக முடியவில்லை. டிரைவர் வைத்துக்கொள்ளாதவன் நான். அன்றைக்கு ஒரு டிரைவர் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நம் ஊர்ச் சங்க மலருக்கு வருடா வருடம் எழுதுகிறேன். காட்டுக்குள் யானை வழிமறித்தது, பாறையில் துளை போடுகிற பிட் மூன்று உடைந்து நாலாவதில் தண்ணீர் பீய்ச்சியது என்று நான் எழுதியதையெல்லாம் படித்திருப்பீர்கள். பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டீர்கள். இந்த முறை எழுதப்போவதை எல்லாரும் நம்ப வேண்டும். என் மகள் சாமி வாக்கை மீறியவள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அவள் மீறவில்லை. நடந்தது என்ன என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் தப்புச் செய்தவன் நான்.

2

நான் தலையெடுத்த கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. அப்பா இல்லாத வீடு. எனக்கு மூத்தவள் ஓர் அக்கா. அவள் பள்ளிக்கூடமே போனதில்லை. அவள் கூலிக்குப் போய் எனக்குச் சோறு போட்டாள். நான் பதினேழு வயதில் போர் வண்டியில் ஏறினேன். ராஜஸ்தான் வரைக்கும் வண்டியோடு சுற்றினேன். பிறகு பழைய வண்டி ஒன்றை வாங்கிக் கப்பலில் ஏற்றி, மொம்பாசா துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து நானே ஓட்டிக்கொண்டு கம்பாலா வந்து சேர்ந்தேன். இன்றைக்கு நாலு வண்டி. நான் போட்ட கிணற்றில் தண்ணீர் குடிக்கிற பள்ளிக்கூடங்களை எண்ணச் சொன்னால் எனக்கே எண்ண வராது. அந்த வட்டார அதிகாரிகள் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டுத்தான் பேசுவார்கள்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து மகள் பிறந்தாள், கம்பாலாவில். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் அந்த ஊர் மொழி. தமிழ் மட்டும் எங்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில், திருச்செங்கோட்டு ஆட்களிடம் கற்றுக்கொண்டது. அதனால் கம்பாலாவை விட்டு அதிகம் வெளியே போகாத பெண், வாயைத் திறந்தால் கொக்கராயன்பேட்டைக்காரி மாதிரி பேசுவாள். சென்னையிலிருந்து வந்த ஓர் அதிகாரி பாப்பாவுக்கு எந்தக் கிராமம் என்று கேட்டார். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே எழுத்து பிடிக்கும். படிப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. வண்டிக் கதவில் எழுதியிருக்கிற பெயரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பதினான்கு வயதில் நம் கம்பெனிக்கு ஒரு சின்னம் வரைந்து தருகிறேன் என்றாள். வரைந்து தந்தது ஒரே ஒரு சொட்டு. அதற்குக் கீழே பெயர். எனக்கு ஆத்திரம். அம்மன் எங்கே, மயில் எங்கே, வண்டி எங்கே, இரண்டு நாட்டுக் கொடி எங்கே என்று கேட்டேன். எல்லாவற்றையும் போட வைத்தேன். அவளும் முகம் சுளிக்காமல் போட்டுத் தந்தாள். "இப்ப வண்டி ரோட்டுல போனா ஒண்ணுமே தெரியாதுங்கப்பா, திருவிழா போற மாதிரி இருக்கும்" என்றாள். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சின்னம்தான் இன்றும் நாலு வண்டியிலும் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான்.

பள்ளி முடிந்ததும் கிராஃபிக் டிசைன் படிக்கிறேன் என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். சமையலறையிலிருந்து உப்புப் பாக்கெட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "இந்த எழுத்து எவ்வளவு பெருசா இருக்கோணும், எங்க நிக்கோணும்னு யாரோ ஒருத்தரு உக்காந்து யோசிச்சிருக்காங்க. அந்த வேலைங்கப்பா."

உப்பு வாங்குகிறவன் எழுத்தையா பார்க்கிறான் என்றேன். எழுத்தைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்க்கிறான் என்றாள். தரைக்குக் கீழே தண்ணீர் பார்க்கிறவனுக்கு அது புரிந்தது.

3

இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒன்று கோயம்புத்தூர் பக்கம். மற்றது தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனில்.

கோயம்புத்தூர் கல்லூரியை நானே நேரில் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. ஆறு மாடி, லிஃப்ட். ஒரே அறையில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். பெண்கள் விடுதிக்குத் தனிச் சுவர், தனிக் காவல். சுவரைத் தட்டிப் பார்த்தேன், தூணைக் கட்டிப்பிடித்து அளந்தேன். கூட வந்த அலுவலர் என்னை ஒப்பந்தக்காரர் என்று நினைத்து, இன்னொரு கட்டடத்துக்கும் கூட்டிப் போனார். அங்கிருந்து என் அக்காள் வீடு பஸ்ஸில் மூன்று மணி நேரம். பரமத்திக்கு மேற்கே மேட்டுக்காட்டில் இருக்கிறாள். திருச்செங்கோடு போகிற வழியில் நான் கட்டிப் பூட்டி வைத்திருக்கிற வீடும் அந்தப் பக்கம்தான்.

கேப் டவுன் கல்லூரியைப் போனில் பார்த்தோம். பழைய கம்பளிக் கிடங்கு ஒன்றைக் கல்லூரியாக ஆக்கியிருக்கிறார்கள். விடுதி கிடையாது. வாசலில் பெயர்ப் பலகை எங்கே என்று கேட்டேன். கதவில் கை அகலத்துக்கு எழுதியிருந்ததைக் காட்டினாள். எழுத்துச் சொல்லித் தருகிற கல்லூரிக்கே பெயர்ப் பலகை இல்லையா என்று நான் கேலி செய்தேன். ஆனால் அந்த ஊர் ஆசிரியை ஒருத்தி என் மகளின் வரைநோட்டைப் போனிலேயே ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டச் சொல்லிப் பார்த்தாள். வண்டிக் கதவுத் தமிழ் எழுத்துகளைப் பார்த்துவிட்டு, இந்த எழுத்துக்கு ஏன் இங்கே வயிறு இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்டாள். என் மகள் பதில் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் நோட்டை யாரும் திறக்கச் சொல்லவில்லை. மதிப்பெண் போதும் என்றார்கள். அது அவர்கள் முறை, குறை சொல்ல மாட்டேன்.

மூன்று வாரம் வீட்டில் இதே பேச்சு. நான் விடுதி என்பேன், பாதுகாப்பு என்பேன், நம் சனம் என்பேன். அவள் மறுத்துப் பேச மாட்டாள். வரைநோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள்.

உள்ளே இருந்த காரணத்தை இப்போது சொல்கிறேன். எனக்கு அறுபத்தொன்று. இந்த நாட்டில் சாக எனக்கு இஷ்டம் இல்லை. ஆனால் திரும்பிப் போவதற்கு ஒரு சாக்கு வேண்டும். அவள் கோயம்புத்தூரில் இருந்தால் நான் ஊருக்கு வந்துவிடலாம். அவளுக்கு அங்கேயே ஒரு மாப்பிள்ளை பார்க்கலாம், பூட்டிய வீட்டைத் திறக்கலாம். கேப் டவுனுக்குப் போனால் அவள் இந்தக் கண்டத்துக்காரி ஆகிவிடுவாள், நான் யாருக்காகத் திரும்புவது? இதை அவளிடம் சொல்லியிருந்தால் பாதி இறங்கி வந்திருப்பாள். எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவன் நான். கேட்காமல் விட்டேன்.

கடைசியில் வழி சொன்னதும் அவள்தான். "நீங்களும் முடிவு பண்ண வேண்டாம், நானும் பண்ண வேண்டாம். வண்டிக்கெல்லாம் சாமிகிட்டப் பூக் கேக்கறீங்கல்லோ, அது மாதிரி கேக்கலாமுங்கப்பா. என்ன வருதோ அதுக்கு நான் சரி."

4

பூக் கேட்பது என்றால் என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளை அரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் வைத்து, ஒன்றுபோல் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் வைப்போம். வெள்ளைக்கு ஒரு காரியம், சிவப்புக்கு ஒரு காரியம் என்று மனதில் சொல்லி வேண்டிக்கொண்டு, ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வந்த பூ சாமியின் வாக்கு. பெண் எடுப்பதும், கிணறு வெட்டுவதும், வண்டி வாங்குவதும் எங்களுக்கு அப்படித்தான். நான் உகாண்டாவுக்குப் போனதே பூ வந்துதான். ஒரு முறை வண்டி வாங்க வேண்டாம் என்று பூ வந்தது, முன்பணம் போனாலும் போகட்டும் என்று விட்டேன். அந்த அளவுக்கு நம்புகிறவன்.

மூன்று பேரும் ஊருக்கு வந்தோம். பரமத்தி வேலூருக்குக் கிழக்கே, காவிரிக் கரையில் எங்கள் குலதெய்வக் கோயில். அக்காளும் வந்திருந்தாள். வெள்ளை கோயம்புத்தூர், சிவப்பு கேப் டவுன் என்று எல்லாருக்கும் தெரியச் சொன்னேன். பொட்டலம் கட்டுவது பூசாரி வேலை. அன்றைக்கு நான் கட்டித் தருகிறேன் என்று தட்டை வாங்கிக்கொண்டேன். கோயில் முன்மண்டபத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவன் கேட்டால் யார் மறுப்பார்கள்? கிணற்றடிக்குப் போய் வாழையிலையைக் கிழித்தேன். இரண்டிலும் வெள்ளையை வைத்தேன். நாரால் கட்டினேன். செவ்வரளியை மடிக்குள் செருகிக்கொண்டேன்.

சாமியை நம்பாதவன் செய்த வேலை என்று நினைக்காதீர்கள். நம்பாதவனாக இருந்தால் இரண்டு நிறத்தையும் வைத்துவிட்டு, சிவப்பு வந்தால் இதெல்லாம் பழைய காலத்து வழக்கம் என்று சொல்லியிருப்பேன். சிவப்பு வந்துவிட்டால் அது சாமி சொன்னதாகிவிடும், அப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் என் பயம்.

யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. அவளே எடுக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். பிற்பாடு யார் மேலும் அவள் வருத்தப்படக் கூடாது என்று நினைத்தேன்.

அவள் குளித்துத் தலை ஈரத்தோடு வந்து மண்டி போட்டாள். கண்ணை மூடி ரொம்ப நேரம் இருந்தாள். கையை நீட்டி இடப்பக்கப் பொட்டலத்தைத் தொட்டாள். எடுக்கவில்லை. விரல் அதன் மேலேயே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து வலப்பக்கத்தை எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்து, நிறுத்து கண்ணு, பொட்டலம் சரியாகக் கட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

வெள்ளை. அக்கா குலவை போட்டாள். என் மகள் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "சரிங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

எடுக்காத பொட்டலத்தை ஆற்றில் விட்டுவிடலாம் என்று நான் கையை நீட்டினேன். அதை நான் வெச்சுக்கறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். போகாத கல்லூரியின் பூவாம், ஞாபகத்துக்கு வேண்டுமாம். பிடுங்கினால் சந்தேகம் வரும். இரண்டு நாள் அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பையில் கை வைக்க மனம் வரவில்லை. கோயிலில் பொய் வைத்தவனுக்கு இதில் மட்டும் என்ன மானமோ தெரியவில்லை.

அன்று சாயங்காலமே கேப் டவுனுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாள். என் வீட்டுக்காரி மட்டும் அடுப்படியில் வைத்து என்னைக் கேட்டாள். "ஏனுங்க, ரெண்டுலயும் வேற வேற பூத்தான வெச்சீங்க?"

நான் அதட்டினேன். அதட்டியதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

5

அவளைக் கோயம்புத்தூரில் சேர்த்துவிட்டு நாங்கள் கம்பாலா திரும்பினோம். மூன்று மாதம் எல்லாம் நன்றாகப் போனது. நான் இங்கே காலையில் வண்டிகளை அனுப்பிவிட்டு அவளுக்குப் போன் செய்வேன். சாப்பாடு, பாடம், அக்காள் வீடு என்று பேசுவோம். குரலில் உப்புச் சப்பு இல்லை என்று கவனித்தேன். புது இடம், பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம். நான் வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கிணறு போட்டுக்கொண்டிருந்தேன். நூற்றைம்பது அடி போயிருக்கும். அவளாகவே கூப்பிட்டாள். கம்ப்ரசர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன்.

அன்று வகுப்பில் எல்லாரையும் அவரவர் ஊரில் கையால் கட்டிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதை எப்படி மடித்திருக்கிறார்கள், எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பது அன்றைய பாடம். ஒருத்தி பூந்திப் பொட்டலம், ஒருவன் திருநீற்றுப் பொட்டலம். என் மகள் தன் பெட்டியிலிருந்து அந்த வாழையிலையை எடுத்துப் போயிருக்கிறாள். எல்லார் முன்னாலும் நாரை அவிழ்த்திருக்கிறாள். செவ்வரளி காய்ந்தால் கறுத்துப்போகும். வெள்ளை காய்ந்தால் வைக்கோல் நிறத்துக்கு வரும். நிறத்தைப் படிக்கிறவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ரெண்டாவதும் வெள்ளைதானுங்கப்பா" என்றாள்.

ஆட்கள் காதில் விழாமல் வண்டிக்குப் பின்னால் போனேன்.

"மூணு மாசமா என் கையத்தான் திட்டிட்டு இருந்தேன். மொதல்ல தொட்டதையே எடுத்திருந்தா செவப்பு வந்திருக்கும், நானே மாத்திக்கிட்டேன்னு. தூங்கறப்பக் கூட இந்தக் கை மேல எனக்குக் கோவம்."

உன் நல்லதுக்குத்தான் கண்ணு என்றேன்.

"நல்லதுக்குன்னா, போகாதேன்னு சொல்லியிருக்கலாமல்லங்க. அழுதுட்டு இருந்திருப்பேன். ஆனா கேட்டிருப்பேன். சாமிகிட்டக் கேக்கலாம்னு சொன்னது நானுங்கப்பா. நீங்க எங்கிட்டப் பேசறதுக்கு வேற வழியே இல்லையேன்னுதான் சொன்னேன்."

போனை வைத்துவிட்டாள். ஆட்கள் கம்ப்ரசரைப் போடலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் வந்து நனைந்தார்கள். தலைமை ஆசிரியர் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார்.

6

அந்த வாரமே அவள் கோயம்புத்தூரை விட்டுவிட்டாள். கேப் டவுனுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். அந்த வருடத்து இடம் போய்விட்டது, அடுத்த வருடத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்ததாம். கம்பாலாவுக்கு வரவில்லை. நான் அனுப்பிய பணத்தைத் தொடவில்லை. சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மளிகை மொத்தக் கடைகளுக்கு அப்பள உறை, மிளகாய்த்தூள் உறை வடிவமைக்கிற கடை. இதெல்லாம் வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு மகளோடு பேசுவாள். நான் வெளியே செய்தித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. நடுவில் எப்போதாவது இரண்டு பேரும் சிரிப்பார்கள். அது மட்டும் கேட்கும்.

ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சாமி கோயம்புத்தூர் என்று வாக்குக் கொடுத்தது, அந்தப் பெண் பாதியில் மீறிவிட்டு ஓடிவிட்டாள். எல்லாரையும் விட அதிகமாகச் சொன்னவள் என் அக்கா. கண்ணால் பார்த்துக் குலவை போட்டவள் அல்லவா! வெயில் காலத்தில் அவள் காட்டுப் போர்க் கிணற்றில் தண்ணீர் நின்றுவிட்டது. சுற்றிலும் நாலு பேர் அதை விட ஆழமாகப் போட்டால் வற்றாமல் என்ன செய்யும்? தண்ணீரைப் பற்றி என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் என்னைக் கேட்கவில்லை. என் மகள் தலையில் போட்டாள்.

கோயில் நோம்பிக்கு, எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு, என் மகள் சேலத்திலிருந்து போயிருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகத்தான் போனாள். பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் சேர்ந்து பானையைத் தூக்கப் போயிருக்கிறாள். அக்கா கையைத் தட்டிவிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னாளாம். "சாமி சொன்னதயே தட்டிப்போட்டுப் போனவ. இந்தப் பானையத் தொடாத."

ஒரே வார்த்தையில் என் மகள் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். அத்தை, உங்கள் தம்பி கட்டின பொட்டலத்தைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, நாமக்கல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இதை வீட்டுக்காரி எனக்குச் சொன்னது சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது. அவள் குரலில் கோபம் கூட இல்லை. "நம்மளக் காப்பாத்தறா" என்றாள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். உடனே போன் செய்து அக்காளிடம் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், நேரில் போய் என்று தள்ளிக்கொண்டே போனேன். கோயிலில் எனக்கு வைக்கிற நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். மகள் என்னோடு பேசாமல் பத்து மாதம் ஓடிவிட்டது.

7

போன மாதம் ஊருக்குப் போனேன். யாரிடமும் சொல்லாமல் நேராகச் சேலம். செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் ஆட்டோ நுழையவில்லை. இறங்கி, மூட்டை தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டபடி நடந்தேன். அச்சுக்கடை ஒரு பருப்பு மண்டிக்கு மாடியில் இருந்தது. படி ஏறும்போது மூச்சு வாங்கியது. ஒரு காலத்தில் போர்க் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினவன் நான்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கப்பா" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். கீழே போய் டீ வாங்கி வந்து கொடுத்தாள். யாரோ வெளியாள் வந்தால் எப்படி உபசரிப்பாளோ அப்படி. அதில் ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. சண்டை போடுவாள் என்று நினைத்து வந்திருந்தேன்.

திரையில் ஓர் அப்பள உறை. சிவப்பில் ஒரே ஒரு வட்டம், கீழே பெயர். வேறு ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. "மொதலாளி இன்னும் லட்சுமி படம் போடச் சொல்றாருங்க" என்றாள். எங்கள் வண்டிச் சின்னம் எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். அந்தப் பொட்டலம் நான் செய்தது தப்பு. கோபத்தில் செய்தது அல்ல, பயத்தில் செய்தது. நீ தூரமாகப் போய்விட்டால் எனக்கு ஊரும் இல்லை, நீயும் இல்லை என்று பயம். அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக ஒருவரிடம் இப்படிப் பேசினேன். அவள் மவுஸைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கண் கலங்கியது. ஆனால் அழவில்லை.

"அத்தகிட்டச் சொன்னீங்களா?"

இல்லை என்றேன். எல்லாருக்கும் தெரியும்படி மலரில் எழுதுகிறேன், ஒவ்வொரு வீட்டுக்கும் போகிற புத்தகம் என்றேன்.

"எழுதுங்க" என்றாள். "எம் பேரப் போடாதீங்க."

ஏன் கண்ணு என்று கேட்டேன். உன் பெயரை நல்லபடியாகச் சொல்லத்தானே எழுதுகிறேன்.

"எம் பேர நான் பாத்துக்கறேனுங்கப்பா. நீங்க உங்க பேர எழுதுங்க."

இந்த வருடமும் இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாக வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். எது என்று முடிவு செய்துவிட்டாயா என்று கேட்டேன். செய்துவிட்டேன் என்றாள். அவள் மேலே ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து படி வரைக்கும் வந்தாள். "பாத்துப் போங்கப்பா, படி ஒசரம்" என்றாள். நான் தெருவுக்கு இறங்கித் திரும்பிப் பார்த்தபோது அவள் உள்ளே போயிருந்தாள்.

எந்தக் கல்லூரி என்று வீட்டுக்காரிக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. அவள் சொல்ல வேண்டும் என்று நினைத்தால் சொல்லட்டும்.

அக்கா, உனக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் புத்தகம் வந்ததும் உன் மருமகளைக் கூப்பிட்டு இந்த இடத்தை மட்டும் உரக்கப் படிக்கச் சொல். அன்றைக்கு இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ வைத்தவன் நான், உன் கூடப் பிறந்த தம்பி. சாமி ஒரு வாக்கும் கொடுக்கவில்லை, நான் கேட்கவே விடவில்லை. அந்தப் பிள்ளை எதையும் மீறவில்லை. வருகிற நோம்பிக்கு அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. வந்தால் பானையை அவள் கையில் கொடு. நான் வந்திருந்தால் என்னை உள்ளே கூப்பிடாதே.